நாலு மடிப்புத் திரை

என் பொண்ணோட இடது கண்ணு போனதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. கிருமிங்கிறாங்க, கெட்ட நேரம்ங்கிறாங்க, டாக்டருங்க சரியில்லங்கிறாங்க. எல்லாம் என்னைத் தேத்தறதுக்குச் சொல்றது. அந்த ரூமுக்குத் திரை தைச்சது நான். ஒருத்தரையும் உள்ள விடாம சட்டம் போட்டு மறிச்சதும் நான்தான். அதை என் வாயாலயே சொல்லிடறேன்.

எனக்குத் தொழிலே திரை தைக்கிறதுதான். கடை முன்னாடி கண்ணாடியும் சோபாவுமா பளபளன்னு இருக்கும். பின்னாடி ரூம்ல மூணு மெஷின், ஒரு வெட்டு மேஜை, காலுக்குக் கீழ எப்பவும் நூல் குப்பை. பத்தொம்பது வருஷமா ஜன்னல் பக்கத்து மெஷின் என்னோடது. துணியை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்ச்சுப் பாத்தாலே அது எவ்வளவு வெளிச்சத்தை உள்ள விடும்னு சொல்லிடுவேன். வாய் கொஞ்சம் நீளம். முதலாளியே என்கிட்ட யோசிச்சுதான் பேசுவாரு. என் வீட்டுக்காரரு லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும், மிச்சத்தை எல்லாம் நான் எடுத்துக்கிட்டேன்.

பொண்ணு ஒண்ணே ஒண்ணு. சின்ன வயசுல காலைல கண்ணு முழிச்சதும் வரிசையா பத்துப் பன்னெண்டு தும்மல் போடுவா. அவங்கப்பா பல்லு விளக்கிட்டே எண்ணுவாரு. அதனால தும்மின்னே பேரு நின்னு போச்சு. பள்ளிக்கூடத்துல வேற பேரு இருந்துச்சு, வீட்ல தும்மிதான்.

பத்தாவது படிக்கும்போது தலைவலி ஆரம்பிச்சுது. புருவத்துக்கு மேல, கன்னத்து எலும்புல, மூக்குத் தண்டுகிட்ட. வலி வந்தா மூக்கு அடைச்சுக்கும், அந்தப் பக்கத்துக் கண்ணுல தண்ணியா ஊத்தும். பொறந்ததுலேருந்து தும்மிக்கிட்டே இருக்கிற பொண்ணுக்கு மூக்குகிட்ட வலிச்சா நீங்க என்ன நினைப்பீங்க? சைனஸ். டீச்சர் சைனஸ்னாங்க, மருந்துக் கடைக்காரர் சைனஸ்னாரு, பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்தவங்க கூட சைனஸ்னாங்க. அவ வகுப்புல பாதிப் பேருக்கு அதே கதைதான். மூக்குல விடற சொட்டு மருந்து பாட்டில் ஒண்ணு பெஞ்சுக்கு அடியில கை மாறிக்கிட்டே போகுமாம். டீச்சர் பிட்டுன்னு நினைச்சு ஒரு நாள் பிடுங்கிப் பாத்துட்டு, அவங்களுக்கும் தலைவலியாம், ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டுத் திருப்பிக் குடுத்தாங்களாம்.

மூணு வருஷம் அந்த மூக்கோட மல்லுக்கட்டினோம். ஆவி பிடிச்சா, மாத்திரை முழுங்கினா, எக்ஸ்ரே எடுத்தா. மூக்கு டாக்டர் உள்ள லைட்டை விட்டுப் பாத்துட்டு, நடுத்தண்டு வளைஞ்சிருக்கு, நேர் பண்ணிட்டா சரியாயிடும்னாரு. பன்னெண்டாவது முடிஞ்ச லீவுல ஆபரேஷன். மூக்கு ரெண்டுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டு, வாயால மூச்சு விட்டுக்கிட்டு, ரெண்டு நாள் என் கையைப் பிடிச்சபடியே கிடந்தா.

"அம்மா, இனிமே வலிக்காதுல்ல?"

"வலிக்காதுடா கண்ணு."

இருபத்திரெண்டாவது நாள் அதே இடத்துல அதே வலி. அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அந்த டாக்டர் மட்டும் எதிர்ல இருந்திருந்தா அவரு மூக்கை நான் நேர் பண்ணியிருப்பேன். குழந்தையை வீணா அறுத்துப் போட்டுட்டாங்களேன்னு வயிறு எரிஞ்சுது. இனிமே இந்த வீட்ல மூக்குங்கிற பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம்தான் தலைவலிக்குன்னே இருக்கிற டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க மூக்கைத் தொடவே இல்ல. வாந்தி வருமா, வெளிச்சம் பட்டா ஜாஸ்தியாகுமா, சத்தம் பிடிக்காதா, எத்தனை மணி நேரம் இருக்கும், வீட்ல வேற யாருக்காவது உண்டான்னு கேட்டாங்க. எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி மாசாமாசம் மண்டையைப் பொளக்கும்னு சொன்னேன். சிரிச்சாங்க. "இது மைக்ரேன். முகத்துக்குப் போற நரம்புதான் மூக்குக்கும் கண்ணுக்கும் போகுது. அது பொங்கும்போது மூக்கு அடைக்கும், கண்ணுல தண்ணி வரும். படிக்கிற பிள்ளைங்க நிறையப் பேரு இதை சைனஸ்னு நினைச்சே வருஷக்கணக்குல அலையறாங்க" அப்படின்னாங்க. எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. மூணு வருஷமா திருடன் இல்லாத வீட்ல திருடனைத் தேடிக்கிட்டு இருந்திருக்கோம்.

தினமும் ஒரு மாத்திரை, வலி வந்தா உடனே போட வேற மாத்திரை, கூடவே அச்சடிச்ச தாள் ஒண்ணு குடுத்தாங்க. நேரத்துக்குச் சாப்பிடணும், தூங்கணும், வலி வந்தா இருட்டு ரூம்ல அமைதியா படுக்கணும், ஒரு தடவை வந்தா மூணு நாள் வரைக்கும் கூட இருக்கலாம்னு அதுல வரிசையா போட்டிருந்துச்சு. கடையில ஓரப் பட்டை ஒட்டற பசையைக் கொண்டாந்து அந்தத் தாளை அலமாரிக் கதவுல அழுத்தி ஒட்டினேன். உரிஞ்சு வரக் கூடாதுன்னு நாலு பக்கமும் தடவினேன்.

இருட்டு ரூம்னு எழுதியிருந்துச்சே, அதுக்கு என்னை விட்டா யாரு? ஹோட்டல் ரூமுக்குத் தைக்கிற இருட்டுத் துணி ரெண்டு மடிப்பு, முன்னாடி சாதாத் துணி ஒண்ணு, பின்னாடி உள்துணி ஒண்ணு, ஆக நாலு. ஓரத்துல வெளிச்சம் ஒழுகாம இருக்க சுவத்தோட ஒட்டிக்கிற பட்டை வெச்சேன். கீழ மடிப்புல ஈயக் குண்டு கோத்தேன், காத்துக்கு அசையாது. கதவுக்கும் உள்பக்கமா அதே மாதிரி ஒண்ணு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உள்ள நின்னு கையை நீட்டினா சொந்த விரல் தெரியாது. என் பத்தொம்பது வருஷ சர்வீஸ்ல அவ்வளவு சுத்தமா ஒரு வேலை நான் பண்ணதில்ல. அப்படி ஒரு பெருமை எனக்கு.

அதோட விட்டேனா? சட்டம் போட்டேன். வலி வந்தா தும்மி ஒரு சிவப்புக் குஞ்சத்தைக் கதவுப் பிடியில மாட்டிடணும். திரையை இழுத்துக் கட்டற குஞ்சம், கடையில மிச்சமானது. அது தொங்கற வரைக்கும் யாரும் கதவைத் தொடக் கூடாது, அவளே வந்துதான் எடுக்கணும். தண்ணியும் ரொட்டியும் கதவு ஓரமா வெச்சுட்டு வந்துடணும். உள்ள பேச்சு கிடையாது. அடுப்புல வெங்காயம் வதக்கக் கூடாது, வாடை ஆகாது. அவளைத் தொடக் கூடாது, வலி நேரத்துல தலைமுடி பட்டாலே அவளுக்கு எரியும். துண்டைத் தலையில போட்டுக்கிட்டு அவ பாத்ரூமுக்குப் போகும்போது நாங்க ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்குவோம். நம்மளைப் பாத்தா பேசணுமேன்னு அவளுக்குக் கஷ்டம்னு நான்தான் அப்படி வெச்சேன். தும்மின்னு கூப்பிடறதும் மூக்குப் பேச்சுதானே, அதையும் நிறுத்தச் சொன்னேன். அவரு பாவம், மூணு நாள் "ஏம்மா, இந்தாம்மா"ன்னு தடுமாறிட்டு மறுபடியும் தும்மிக்கே வந்துட்டாரு.

சும்மா சொல்லக் கூடாது, பலிச்சுது. மாசத்துக்கு எட்டு நாள் வந்தது ரெண்டு நாள் ஆச்சு. லேப் டெக்னீசியன் படிப்புல சேந்தா. மைக்ராஸ்கோப்பு முன்னாடி உக்காந்தா உலகமே மறந்துடுவா. சிலைடைப் பாத்து செல் எண்ணறதுல வகுப்புலயே அவதான் முதல். நான் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பாடம் நடத்த ஆரம்பிச்சேன். ஜன்னல் அளவு குடுக்க வந்த ஒருத்தங்க, பையனுக்கு சைனஸ்னு வாயைத் திறந்ததுதான் தாமதம், "சைனஸும் இல்ல, ஒண்ணும் இல்ல, மைக்ரேன், என் பொண்ணுக்கும் இப்படித்தான்"னு அரை மணி நேரம் விடல. முதலாளி தலையில கை வெச்சுக்கிட்டாரு.

மைக்ரேன் இருக்கிற பொண்ணுக்கு மூக்குல சீழே பிடிக்காதுன்னு டாக்டரம்மா சொல்லவே இல்ல. அதை நானா எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது வருஷம் செய்முறைப் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்துச்சு. வகுப்புல பாதிப் பேருக்கு ஜலதோஷம், இவளுக்கும் ஒட்டிக்கிச்சு. ஒரு வாரம் சிந்தினா, குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, மறுபடியும் பிடிச்சுது. வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்த நேரம், பாதி வகுப்புல எழுந்து வந்துட்டா. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு.

"அம்மா, இது வேற மாதிரி இருக்கும்மா."

"என்ன வேற மாதிரி? இடது பக்கம்தானே?"

"இடது பக்கம்தான். கண்ணை அசைச்சா உள்ள இழுக்குது. மூக்குல ஒரு கெட்ட வாடை வந்துக்கிட்டே இருக்கு."

"மைக்ரேன்ல இல்லாத வாடை எல்லாம் தெரியும்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. இருந்தாலும் ஒரு தடவை மூக்கு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?"

மூக்குன்னு சொன்னாளே, எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ. "மூக்கா? மறுபடியும் மூக்கா? கிழிச்சுப் பஞ்சு அடைச்சது பத்தலையா உனக்கு? பரீட்சை பயம்டி, வேற ஒண்ணும் இல்ல. மாத்திரையைப் போட்டுட்டுப் படு போ"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ மாத்திரையைப் போட்டா. குஞ்சத்தை எடுத்து அவளே மாட்டிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துண்டைப் போட்டுக்கிட்டு பாத்ரூமுக்குப் போனா. நான் சட்டப்படி முகத்தைத் திருப்பிக்கிட்டேன். கதவு நிலையில தோள் இடிச்ச சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவ உள்ள போனதும் என் வீட்டுக்காரரு மெதுவா ஆரம்பிச்சாரு.

"நடை சரியில்ல."

"தலைவலியோட நடக்கிறவ டான்ஸா ஆடுவா?"

"குரலும் மாறியிருக்கு. ஒரு தடவை லைட்டைப் போட்டுப் பாத்துடலாமே."

"லைட்டைப் போட்டா வலி இன்னும் ஆறு மணி நேரம் நீளும். அப்புறம் நீங்க வாங்கிக்குவீங்களா அந்த வலியை?"

அவரு சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டே நின்னாரு. "எங்க வேலைல சத்தம் மாறிச்சுன்னா லிஃப்டை நிறுத்திட்டுத் திறந்து பாக்கணும். மேலயும் கீழயும் ஓடுதேன்னு விடக் கூடாது."

"அவ என்ன லிஃப்டா? பேச வந்துட்டாரு!" அப்படின்னேன். பத்து வார்த்தைக்காரரு அன்னிக்கு அவ்வளவு பேசினதே பெருசு.

சனிக்கிழமை ஒரு ஹோட்டலுக்கு அறுபது திரை அனுப்பியாகணும். அவருக்கு லீவு, வீட்ல இருந்தாரு. பத்தரை மணி இருக்கும், கடைக்குப் போன் வந்துச்சு. ஒரு கையால துணியை ஓட்டிக்கிட்டே காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டேன்.

"கதவுகிட்டதான் நிக்கறேன். உள்ள முனகுறா. திறக்கட்டா?"

"குஞ்சம் தொங்குதா?"

"தொங்குது."

"அப்புறம் என்ன கேள்வி? மூணு நாள் ஆகும்னு தாள்லயே போட்டிருக்கு. நாளைக்கு மத்தியானத்தோட முடியுது. திறந்தீங்கன்னா வந்து நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. கேக்குதா?"

"கேக்குது"ன்னாரு. நான் போனை வெச்சுட்டு அடுத்த திரையை எடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்ப அவரு நாற்காலியை அந்தக் கதவை ஒட்டிப் போட்டு உக்காந்திருந்தாரு. காலைலேருந்து சாப்பிடக் கூட எழுந்திருக்கல. ரொட்டித் தட்டு வெச்சது வெச்சபடி இருந்துச்சு. வலி நேரத்துல அவ சாப்பிட மாட்டா, அது எனக்குப் புதுசு இல்ல.

ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு உள்ளேருந்து குரல் வந்துச்சு.

"அம்மா. லைட் போடும்மா."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெளிச்சம் கேக்கறான்னா வலி விட்டுடுச்சுன்னு அர்த்தம். மூணு நாள்ல ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடியும். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, விட்டுடுச்சு!"ன்னு அவருகிட்ட சொல்லிக்கிட்டே குஞ்சத்தை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். கதவைத் திறந்ததும் ஒரு நாத்தம் மூஞ்சியில அடிச்சுது. குப்பைத் தொட்டியை நாலு நாள் கொட்டாம விட்ட மாதிரி. அப்பவும் எனக்கு உறைக்கல, மூடின ரூம்தானேன்னு நினைச்சேன். லைட்டைப் போட்டேன்.

அவ வலது பக்கமா சாஞ்சு படுத்திருந்தா. இடது கண்ணு இருந்த இடத்துல கண்ணு இல்ல. எலுமிச்சம்பழம் அளவுக்குச் செவசெவன்னு வீங்கி இமை ரெண்டும் ஒட்டிக் கிடந்துச்சு. இமை ஓரத்துல மஞ்சளா சீழ். நெத்தி மினுமினுன்னு இருந்துச்சு. ஓடிப் போய்க் கையை வெச்சா, தோசைக் கல்லுல வெச்ச மாதிரி சுட்டுது. மூணு நாளா நான் அந்த நெத்தியைத் தொடவே இல்ல. என் வீட்டுக்காரரு என்னை ஒதுக்கித் தள்ளிட்டு அவளை அப்படியே தூக்கிக்கிட்டாரு. இருபத்தி நாலு வருஷத்துல அவரு என்னைத் தள்ளினது அது ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல சின்ன வயசு டாக்டர் ஒருத்தர். ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி, எழுதிக்கிட்டே என்கிட்ட கேட்டாரு.

"வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது?"

"தெரியல."

"எப்பதான் பாத்தீங்க?"

"இப்பதான் பாத்தேன். ரூம் இருட்டா இருந்துச்சு."

"காய்ச்சல் எப்பலேருந்து?"

"தொட்டுப் பாக்கல."

"பொண்ணு ஒண்ணுமே சொல்லலையா?"

எனக்கு வாய் நீளம்னு சொன்னேனே. அன்னிக்கு அந்த வாய் திறக்கவே இல்ல. கட்டில்லேருந்து தும்மிதான் சொன்னா. "சொன்னேன் டாக்டர். எனக்கே அவ்வளவு நிச்சயமா தெரியல." என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொன்னா. அந்த நிலைமையிலயும்.

டாக்டர் ரெண்டு விரலால அந்த இமையைப் பிரிச்சு, பேனா மாதிரி ஒரு டார்ச்சை நேரா கண்ணுக்குள்ள அடிச்சாரு. "வெளிச்சம் தெரியுதாம்மா?"

"எந்த வெளிச்சம்?"ன்னா தும்மி.

அவரு டார்ச்சை அணைச்சுட்டு நர்ஸைப் பாத்தாரு. எல்லாரும் ஓட ஆரம்பிச்சாங்க.

மூக்குக்குப் பக்கத்துல இருக்கிற சைனஸ் அறையில பிடிச்ச சீழ், மெல்லிசான எலும்பைத் தாண்டிக் கண்ணுக்குப் பின்னாடி போயிடுச்சாம். அங்கே இடமே கிடையாதாம், சீழ் சேரச் சேர நரம்பை நெரிச்சிருக்கு. மூளைக்குப் போகாம நிறுத்தினதே பெரிய விஷயம்னாங்க. மூணு மணி நேரம் ஆபரேஷன். பண்ணது ஒரு மூக்கு டாக்டர்தான், வயசான ஆளு. வெளிய வந்து மாஸ்க்கை இறக்கிட்டு, "உயிருக்குப் பயம் இல்ல. கண்ணு இருக்கும், பார்வை வராது"ன்னாரு. என் வீட்டுக்காரரு, "எப்ப வந்திருக்கணும் சார்?"னு கேட்டாரு. "வெள்ளிக்கிழமை வந்திருந்தா மருந்துலயே சரியாயிருக்கும். நேத்துக் காலைல வந்திருந்தா கூட ஆபரேஷன் பண்ணிப் பார்வையைக் காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருந்துச்சு."

நேத்துக் காலைல. பத்தரை மணிக்கு. நான் இவரைப் பாத்தேன். இவரு தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்தை இன்னி வரைக்கும் அவரு வாயிலேருந்து வரல. சொல்லித் தொலைங்களேன்னு ஒரு நாள் நானே அவரு சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன். என் கையை எடுத்துக் கீழ விட்டுட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. அடிச்சிருந்தா தேவலை.

அவளுக்கு மாத்துத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தப்ப அலமாரியில அந்தத் தாளைப் பாத்தேன். கண்ணுல படவே கூடாதுன்னு கிழிக்கப் போனேன். ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா, பின்பக்கமும் அச்சு தெரிஞ்சுது. ரெண்டு பக்கத் தாள். எனக்கு அது தெரியவே தெரியாது. சமையல் ரூம்லேருந்து ஈரத் துணி கொண்டாந்து, பசை ஊற ஊற மெல்ல மெல்ல உரிச்சேன். பாதி எழுத்து கதவோடயே போச்சு. மிச்சத்துல தடிச்ச எழுத்துல இருந்துச்சு: 'காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், வழக்கத்துக்கு மாறான வலி. இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.' உரிஞ்சு வரக் கூடாதுன்னு நாலு பக்கமும் நானேதான் தடவினேன். அங்கேயே தரையில உக்காந்து தலை தலையா அடிச்சுக்கிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தா. பரீட்சை போச்சு, அடுத்த வருஷப் பிள்ளைங்களோடதான் எழுதணும். அவ கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்தி மூடிப் பாத்தா. இடது கண்ணு பாக்கறதுக்கு நல்ல கண்ணு மாதிரியேதான் இருக்கும், இமை மட்டும் ஒரு நூல் இறங்கியிருக்கும். நான் பின்னாடி நின்னு அழறதைக் கண்ணாடியில பாத்துட்டா.

"அழாதம்மா. எங்க லேப்ல பாதி மைக்ராஸ்கோப்பு ஒரு கண்ணு வெச்சுப் பாக்கறதுதான். இன்னொண்ணை எப்படியும் மூடணும். எனக்கு அந்த வேலை மிச்சம்."

அவ சிரிச்சா. அவங்கப்பா கூடச் சிரிச்சாரு.

நான் அந்தத் திரையைக் கழட்டிட்டேன். ஜன்னல்லேருந்தும் கதவுலேருந்தும் எடுத்து, கடைக்குக் கொண்டு போய் நாலு மடிப்பையும் பிரிச்சு, துண்டு துண்டா வெட்டி மெஷின் துடைக்கப் போட்டேன். இனிமே இந்த வீட்ல இருட்டே கூடாதுன்னு நினைச்சேன். எல்லா ரூம்லயும் பெரிய பல்பா வாங்கி மாட்டினேன். இதுக்கு மேல ஒண்ணும் ஆக விட மாட்டேன், பகல்ல ஒரு நிமிஷம் கூட அவ முகம் என் கண்ணை விட்டு மறையக் கூடாதுன்னு நினைச்சேன்.

நான் நினைச்சா ஆச்சா? மைக்ரேன் எங்கேயும் போகல. அது எப்பவும் இருந்ததுதானே. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வகுப்புலேருந்து வந்தா, நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு. மூக்கு அடைச்சிருந்துச்சு, வலது கண்ணுல தண்ணி ஊத்துச்சு.

"பழைய வலிதாம்மா. அதே வலிதான். எனக்குத் தெரியும். ஜன்னலை மூடு."

மூட என்கிட்ட திரை இல்ல. போர்வையை எடுத்து ஆணியில மாட்டினேன். ரெண்டு பக்கமும் வெளிச்சம் ஒழுகுச்சு. அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா. நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே உக்காந்தேன். அவ நெத்தியில கையை வெச்சேன், சுடல. எடுத்தேன். மறுபடி வெச்சேன். "அம்மா, தொடாதே, எரியுது"ன்னா. அஞ்சு நிமிஷம்தான் பொறுத்தேன். போனவாட்டியும் அதே இடது பக்கம்தானேன்னு நான்தானே சொன்னேன்? பழைய வலின்னு இப்ப இவ சொன்னா அதை எப்படி நம்பறது? எழுந்து போய், அவங்கப்பா லிஃப்ட் குழியில இறங்கும்போது எடுத்துட்டுப் போற பெரிய டார்ச்சைக் கொண்டாந்தேன். விட்டு விட்டு மூணு தடவை அடிச்சுப் பாத்தும் எனக்கு மனசு ஆறல.

"இந்தப் பக்கம் திரும்புடா."

"வேணாம்மா. லைட் வேணாம். மண்டை தெறிக்குது."

"ஒரே ஒரு தடவை. வீக்கம் இருக்கான்னு பாத்துட்டு அணைச்சிடறேன்."

"அரை மணி நேரத்துல இது நாலாவது தடவை. கெஞ்சறேன்மா, விட்டுடு."

அவ கெஞ்சறது எனக்குக் கேட்டுச்சு. இருந்தாலும் விரல் தானா அமுக்கிடுச்சு. மூஞ்சி பூரா வெளிச்சம் விழுந்துச்சு. அவ வலியில சுருண்டு, சட்டுன்னு கையைத் தூக்கி வலது கண்ணை மட்டும் பொத்திக்கிட்டா. இடது கண்ணை அவ மூடவே இல்ல. அது வெளிச்சத்துல திறந்தபடி என்னைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. வீக்கம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. நான் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கண்ணையே பாத்துக்கிட்டு நின்னேன்.